தெரிந்தவர் வட்டத்தைத் தாண்டிய ஆட்சேர்ப்பு

திருப்பூரின் பின்னலாடைச் சிறு நிறுவனங்களில் ஆட்சேர்ப்பு என்பது பெரும்பாலும் வாயிலில் தொங்கும் 'ஆட்கள் தேவை' பலகையாலும், ஏற்கெனவே வேலை பார்ப்பவர் அழைத்துவரும் சொந்தபந்தங்களாலும் நடைபெறுகிறது. செலவில்லை, வருபவருக்கு ஒருவர் பொறுப்பேற்கிறார் என்னும் நன்மைகள் இம்முறைக்கு உண்டு. எனினும் ஓர் ஊராரே கூடத்தை நிரப்பும்போது அவ்வூர்த் திருவிழா வந்தால் இயந்திர வரிசையில் பாதி ஆளின்றி நிற்கிறது. அதைவிடக் கவலைக்குரியது, அந்த வட்டத்தில் யாரையும் அறியாதவர், எத்துணைக் கைத்திறன் உடையவராயினும், வாயிலைத் தாண்ட இயலாமற் போவதாகும்.

பணியிடப் பன்மை என்பது பாலினம், சாதி, மொழி, வயது, உடல்நிலை ஆகியவற்றால் வேறுபட்டோர் ஒரே நிறுவனத்தில் சம வாய்ப்புடன் பணியாற்றும் நிலையைக் குறிக்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்வதால் மட்டுமே இந்நிலை அமைந்துவிடாது. கைமடி, அதாவது தையற்காரருக்குத் துணியை எடுத்துக்கொடுத்து அடுக்கும் உதவியாளர், ஆண்டுக்கணக்கில் கைமடியாகவே நிறுத்தப்பட்டாலும், கட்டிங் மேசை ஆண்களுக்கும் பிசிர் வெட்டுவது பெண்களுக்கும் என்று எழுதாத விதியாக ஒதுக்கப்பட்டாலும், அங்கே பல தரப்பினர் இருக்கிறார்களேயன்றிச் சம வாய்ப்பு இல்லை.

ஓவர்லாக் இயந்திரத்தில் அமரவேண்டியவரிடம் எந்த ஊர், யாருடைய ஆள் என்று கேட்பதைவிட, வந்த அனைவருக்கும் ஒரே வகைத் துணித்துண்டுகளைக் கொடுத்து, தையல் நேராக ஓடியிருக்கிறதா, விளிம்பு சுருங்கியிருக்கிறதா, நூல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து மதிப்பிடுவதே நியாயமான தேர்வாகும். காது கேளாத ஒருவருக்கு இத்தேர்வில் பேச்சு தேவையில்லை. செய்துகாட்டும் மாதிரித் துண்டு ஒன்றே போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது; அவற்றுள் பல, தையலுக்கோ பேக்கிங்குக்கோ எவ்வகையிலும் தடையாகாதவை.

பெண்களைச் சேர்த்தால் மகப்பேற்று விடுப்புச் செலவு தலையில் விழும் என்ற அச்சம் சிறு முதலாளிகளிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆனால் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்களில், உரிய காலம் சந்தா செலுத்தப்பட்ட பெண்ணுக்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் வரையிலான மகப்பேற்றுப் பணத்தை ஈ.எஸ்.ஐ. கழகமே வழங்குகிறது. முதலாளி செலுத்தவேண்டிய சந்தாவோ ஊதியத்தில் 3.25 விழுக்காடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் அவ்விகிதம் ஒன்றேயாதலால், இச்செலவைக் காட்டி இளம்பெண்களின் விண்ணப்பங்களை ஒதுக்குவதற்குக் கணக்கில் இடமே இல்லை.