புற்றும் கறையானும்: நச்சுயிரியால் வரும் புற்றுநோய்



புற்று தானே வளர்வதில்லை. உள்ளிருந்து கட்டும் கறையான் உண்டு. ஆயினும் புற்றுநோய் என்றவுடன், அது காரணமின்றி வந்த ஊழ்வினை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சில புற்றுநோய்களைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழையென அறிவியல் மெய்ப்பித்துள்ளது.

1911ஆம் ஆண்டில் பெய்ட்டன் ரவுஸ் என்னும் அமெரிக்க அறிஞர், கோழியின் கட்டியை அரைத்து, உயிரணுக்கள் ஊடுருவ இயலாத வடிகட்டியில் வடித்து, அச்சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றிலும் கட்டி தோன்றியது. நச்சுயிரி, அதாவது வைரஸ், புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பதற்கு அது முதற்சான்றுகளுள் ஒன்றாயிற்று. அதற்குரிய நோபல் பரிசு 1966இல்தான் அவரை வந்தடைந்தது.

இன்று உலகில் காணும் புற்றுநோய்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தொற்றுகளால் விளைவது. கல்லீரல் அழற்சி பி நச்சுயிரி கல்லீரற் புற்றுக்கு வழிவகுக்கிறது. பெண்களைத் தாக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கோ எச்.பி.வி. என்னும் நச்சுயிரியே காரணம். ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசனின் குழு அதன் 16ஆம் வகையை 1983இலும், 18ஆம் வகையை 1984இலும் புற்றுக்கட்டிகளில் கண்டறிந்தது. இவ்விரு வகைகளே இந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம்.

நம் உயிரணுக்கள் வரைமுறையின்றிப் பெருகாவண்ணம் காக்கும் புரதங்கள் உள்ளன. எச்.பி.வி.யின் புரதங்கள் அக்காவலைச் செயலிழக்கச் செய்கின்றன. எனினும் தொற்று வந்தோர் அனைவர்க்கும் புற்று வருவதில்லை. பெரும்பாலான தொற்றுகளை உடலே இரண்டு ஆண்டுகளுக்குள் நீக்கிவிடுகிறது. நீங்காமல் தங்குவதே தீங்கு. தேயிலைக் கன்று நட்டுச் சில ஆண்டுகளில் கொழுந்து கிள்ளலாம். இத்தொற்று புற்றாக முற்றுவதற்கோ பெரும்பாலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அந்நெடுங்காலமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்திய சான்று தமிழகத்திலேயே உண்டு. திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாகும் இடங்களைக் கண்டறிந்தனர். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததை 2007இல் வெளிவந்த முடிவுகள் காட்டின. பெருநகர மருத்துவமனை இன்றியே பெற்ற பயன் அது.

நம் நாட்டில் பதின்மூன்று வயது மாணவியர்க்கான தடுப்பூசித் திட்டம் 2010இல் தொடங்கியது. ஆனால் அதற்கு முன்பே பள்ளியை விட்டு நீங்கிய தாய்மார்க்கு அக்காப்பு கிட்டவில்லை. அவர்களுக்குப் பரிசோதனையே அரண். மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய அறக்கட்டளை ஒன்றுடன் இணைந்து 2018இல் தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில், பெண் தானே மாதிரி எடுத்துத் தரலாம். முடிவு கைப்பேசிக்கு வந்து சேரும்.

வழி இருந்தும் தடுப்பது எது? நாணமும் அச்சமும் ஆகும். இத்தொற்று உடல் நெருக்கத்தால் பரவுவது என்றவுடன், பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறும் பேச்சு எழுகிறது. அது அறியாமை. இல்லறத்தில் வாழும் எவர்க்கும் இது வரலாம், ஆண்களுக்கும் வரும், எப்போது வந்ததென எவராலும் கூற இயலாது. தொற்றுவது நச்சுயிரியேயன்றிப் புற்றுநோய் அன்று; நோயுற்றவரோடு உண்பதாலோ, அவரைத் தொடுவதாலோ அது பரவாது.

இவற்றைத் தெளிந்த தமிழில் உரைக்க ஆசிரியரினும் தக்கவர் யாவர்? தடுப்பூசிக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கும் நாளில், மகளைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தாமல், “அம்மா, நீங்கள் பரிசோதித்துக்கொண்டீர்களா?” என்று நாம் ஒரு சொல் கூட்டிக் கேட்போமாக. மாணவியரும் அவ்வினாவை இல்லம் கொண்டு செல்க. கொழுந்துக் கூடையோடு மலையேறும் அன்னையர்க்கு நம் கல்வி ஆற்றக்கூடிய நன்றி அதுவே.