தையல் பிரித்த பிறகுதான் வேலையே

கணுக்கால் பிசகி, ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்து வலி போய்விட்டால், குணமாகிவிட்டதாக நினைத்துப் பலர் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சுவீடன் மருத்துவர் புரோஸ்ட்ரோம் 1966-இல் விவரித்த முறையும் அதன் திருத்திய வடிவங்களும் தளர்ந்த ஜவ்வை இழுத்துத் தைத்து இறுக்குகின்றன. ஆனால், பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் ஜவ்வில் உண்டு. கிழியும்போது அந்தச் செய்தியும் தடைபடுகிறது. சமநிலைப் பலகையில் நின்று பழகினால், கால் பிசகியவர்களின் தடுமாற்றம் குறைகிறது என்று 1965-லேயே ஃப்ரீமன் என்ற மருத்துவர் எழுதினார். அந்தப் பழக்கத்தை எந்தத் தையலும் தராது.

"தைத்த காலை அசைத்தால் விட்டுப்போகாதா?" என்ற பயம் நியாயமானதே. முதல் சில வாரங்கள் கட்டும் ஊன்றுகோலும் அதற்காகத்தான். அப்போது பாதத்தை உள்பக்கம் மடக்கக் கூடாது. அதற்குப் பிறகும் அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகும், கெண்டைக்கால் சதை மெலியும். அளவான பாரம் விழுந்தால்தான் புது இழைகள் ஒழுங்காகப் படியும். தினமும் பிசியோதெரபிக்குப் போக வசதியில்லை என்பார்கள். மருத்துவர் அனுமதித்தபின், சமையல் மேடையைப் பிடித்தபடி அரை நிமிடம் ஒற்றைக்காலில் நிற்கச் செலவேது? கணுக்கால் இப்படியும் அப்படியும் நடுங்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த நடுக்கம்தான் பயிற்சி. ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் நாள்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவதில் இரண்டு காலும் சமமாகட்டும். பிறகு மருத்துவரைக் கேட்டு இறங்குங்கள்.