கேமராவுக்குக் கேமரா



தெற்குச் சீமையில் முன்பெல்லாம் மாடு களவு போனால், மண்ணில் பதிந்த குளம்புத் தடத்தைப் பார்த்தே பின்தொடர்ந்து போய்த் துப்புச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். இன்று களவு போவது மோட்டார் சைக்கிள். தார்ச்சாலையில் தடம் ஏது? கடை வாசல்களில் தொங்கும் கேமராக்களில்தான் தடம். அதுவும் தொடர்ச்சியாக இருக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். அதை எப்படிச் சேர்த்துக் கோக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலில் சித்திரைத் திருவிழா, வலைவீசு படலம் என்ற நிகழ்ச்சியைப் பார்க்கப் பெருங்கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நெரிசலில் ஒருவருடைய சிவப்பு வண்டியை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

முதல் கேமராவில் வேலை எளிது. கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது. சுவரும் மரமும் மாறாமல் இருக்க, மாறுகிற பகுதியை மட்டும் கணினி பிரித்தெடுக்கிறது. நொடிக்கு 25 படம் என்றால், ஒவ்வொரு படத்திலும் வண்டி எங்கே, எவ்வளவு வேகம், அடுத்து எங்கே இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. நடுவே ஒரு லாரி மறைத்தாலும் மறுபக்கம் எங்கே எட்டிப்பார்க்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்து வைத்திருக்கும். இந்தக் கணக்கை 1960-இல் எழுதிக் காட்டியவர் ருடால்ப் கால்மன். அப்பல்லோ விண்கலம் நிலவுக்கு வழி பார்த்துப் போனதும் இதே கணக்கின் துணையோடுதான்.

சிக்கல், வண்டி அந்தக் கேமராவின் பார்வையைத் தாண்டிய பிறகு. அடுத்த கேமரா பக்கத்து ஊரான சாயல்குடியில் இருந்தால், இடையில் உள்ள தூரத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் கேமரா வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தது, இரண்டாவது முதுகைப் பார்க்கிறது. வெயிலில் சிவப்பாக இருந்தது மஞ்சள் விளக்கில் பழுப்பாகிறது. இருட்டில் அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் கேமராவுக்கு நிறமே கிடையாது. சில வகைக் கறுப்புச் சட்டைகூட அதில் வெள்ளையாகத் தெரியும்! 'கறுப்புச் சட்டைக்காரன்' என்று தேடினால் ஆளைக் கோட்டை விட்டுவிடுவோம்.

அதனால்தான் கணினி உருவத்தை மட்டும் நம்புவதில்லை, நேரத்தையும் பார்க்கிறது. பாம்பன் சாலைப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் திறந்த, இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாலம். ராமேசுவரம் தீவுக்குச் சாலை வழி அது ஒன்றுதான். மண்டபம் பக்கம் ஏறிய வண்டி மூன்று, நான்கு நிமிடத்தில் பாம்பன் பக்கம் இறங்க வேண்டும். கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க நிறுத்துகிறவர்கள் உண்டு, அவர்கள் கொஞ்சம் தாமதமாக வருவார்கள். அவ்வளவுதான், நடுவில் பிரிகிற பாதை கிடையாது. இரு முனையிலும் ஒரு கேமரா வைத்தால், அந்தச் சில நிமிடங்களில் இறங்கிய வண்டிகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். சாயல்குடி அப்படி இல்லை. ஒரு பக்கம் தூத்துக்குடி, ஒரு பக்கம் கீழக்கரை, இன்னொரு பக்கம் கடலாடி, இடையிடையே மீனவக் குடியிருப்புகளுக்குப் போகிற பாதைகள். அங்கே கணினி ஒரே விடையைச் சொல்லாது. 'இவற்றில் ஒன்றாக இருக்கலாம்' என்று பத்து வண்டிகளை வரிசைப்படுத்திக் காட்டும். அது காட்டுவது சாடை, சாட்சி அல்ல. நம்பர் பிளேட், கண்ணாடி உடைசல், டேங்க்கில் கீறல் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் மனிதர்.

இப்படித் தடம் தேடிய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நிலையத்தில் அன்று கண்காணிப்புக் கேமராவே இல்லை. சந்தேக நபர் நடந்து போவது பக்கத்துத் தெருக் கேமராக்களில்தான் கிடைத்தது. அந்தப் படத்தை வைத்து அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஒரு வாரத்தில் செங்கோட்டைப் பக்கம் ஓர் இளைஞரைக் கைது செய்தார்கள். செப்டம்பரில் அவர் புழல் சிறையில் இறந்துபோனதால், அந்தப் பதிவுகள் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு வராமலே போயின. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் செய்தது.

ஆனால் கேமரா இருந்தால் மட்டும் போதாது. 2020 ஜூனில், தந்தையும் மகனும் மாண்ட வழக்கில் சிக்கிய சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவுப் பெட்டியில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனாலும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குத் தெரிவித்தார். அந்த வழக்கில், கண் முன்னால் இருந்த தடம் இல்லாமல் போனது. அதே ஆண்டு டிசம்பர் 2-இல், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், வசதி இல்லையென்றாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கடை வைத்திருக்கும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். இணைய இணைப்பு இல்லாத பதிவுப் பெட்டியின் கடிகாரம் நாளாக ஆக நேரம் தவறிப்போகும். பத்து நிமிடம் பிந்தியிருந்தால், நான் சொன்ன பாம்பன் கணக்கு அத்தனையும் பாழ். இன்றைக்கே உங்கள் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்றும் கேட்டு வையுங்கள். அந்த நாள் கடந்தால் பழையதன் மேலேயே புதியது பதிந்துவிடும். களவு நடந்த தகவல் கிடைத்தால் உடனே ஒரு நகல் எடுத்து வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, அந்த நகலோடு சான்றிதழும் கொடுக்க வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். படத்தில் சாடையாக யாரையாவது பார்த்தால், வாட்ஸ்அப்பில் 'இவன்தான் திருடன்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.