ஊனம் ஆயுள் பரியந்தம். உதவி மாத்திரம் தவணையா?

(அம்பத்தூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



பிறவியிலேயோ, பிள்ளைப் பருவத்திலேயோ கண், காது, கை, கால், புத்தி இவற்றில் ஒன்று குறைபட்டு, சாகிற வரையில் அப்படியே இருக்க வேண்டியவர்களுக்குச் சர்க்காரும் சாகிற வரையில் பணம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். கொடுத்தாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

முதலாவது, இந்த ஊர்க் கணக்கையே பார்ப்போம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளி பிரஸ் மெஷினில் ஒரு கையைப் பறிகொடுத்து விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. ஏற்பாட்டின்படி அவனுக்கு நிரந்தர ஊன உதவித் தொகை உண்டு. எந்த அங்கம் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு எவ்வளவு போயிற்று என்பதற்குச் சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் போனால் 30, ஒரு கை போனால் 60, இரண்டு கையும் போனால் 100. தினக்கூலி 500 ரூபாய் என்றால், அதில் நூற்றுக்கு 90 வீதம் 450 ரூபாய். அதிலே நூற்றுக்கு 60 வீதம் 270 ரூபாய். மாதத்துக்கு 8,100 ரூபாய். இது அவன் சாகிற வரையில் கிடைக்கும். "உனக்கு வீடு உண்டா, மகன் சம்பாதிக்கிறானா?" என்று அவனை யாரும் கேட்பதில்லை. இது நியாயம், இன்னும் அதிகம் கொடுத்தாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

நிற்க, அதே தெருவில் அந்தக் கை இல்லாமலேயே பிறந்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு என்ன? மத்திய சர்க்கார் 2009-ல் ஊனமுற்றோர் பென்ஷன் திட்டம் ஒன்று ஏற்படுத்திற்று. நூற்றுக்கு 80 பங்கு ஊனம் இருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் மாதம் 200 ரூபாய். 2012-ல் அதை 300 ஆக்கினார்கள்; பிறகு பத்து வருஷத்துக்கு மேலாக அது அசையவில்லை. நம் மாகாண சர்க்கார் இதைவிட மேல்தான். 2023-ல் 1,000 ரூபாயை 1,500 ஆக்கிற்று. கடுமையான ஊனமுடையோர்க்குப் பராமரிப்புத் தொகை 2,000 என்றாயிற்று. ஆனால் 1,500 எங்கே, 8,100 எங்கே? போனது ஒரே கை. ஒருவனுக்கு மெஷின் எடுத்தது, மற்றவனுக்குப் பிறப்பிலேயே இல்லை. வயிறு இருவருக்கும் ஒன்றுதானே?

"தொழிலாளி சந்தா கட்டுகிறான், இவன் கட்டவில்லையே" என்று ஒரு கனவான் சொல்லக்கூடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே கை போனாலும் இ.எஸ்.ஐ. ஊன உதவி உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குக் கிடையாது. ஆகவே அங்கே பார்க்கப்படுவது கட்டின காசல்ல, சம்பாதிக்கும் சக்தி போயிற்றே என்பதுதான். அந்த நியாயம் பிறவி ஊனத்துக்கு மாத்திரம் ஏன் பொருந்தாது? அன்றியும், இவனும் சோப்புக்கும் செருப்புக்கும் வரி கொடுத்துத்தானே வாங்குகிறான்?

இப்படி இரண்டு கணக்கு இருப்பதற்கு உள்ளே இருக்கும் காரணம் வேறு. பிறவி ஊனத்தை நம் ஜனங்கள் "முன் ஜென்ம வினை" என்று நம்புகிறார்கள். மெஷின் வெட்டினால் முதலாளி பொறுப்பு. பிறவியில் வந்தால் அவனவன் தலையெழுத்து! தோழர்களே, இளம்பிள்ளை வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை குழந்தைகளின் காலைச் சூம்ப வைத்தது! சொட்டு மருந்து வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்நோயின் இயற்கைக் கிருமி ஒரு குழந்தையையும் முடமாக்கியதாகப் பதிவில்லை. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் கொடுத்தது. நான் கேட்கிறேன்: இரண்டு சொட்டு மருந்திலே முன் ஜென்ம வினை எங்கே ஓடிப் போயிற்று? 2011-க்குப் பிறகு பிறந்த குழந்தைகள் எல்லாம் போன ஜென்மத்தில் புண்ணியவான்களா? மருந்து வந்து சேராததால் காலிழந்தவனுக்கு சமூகம் கடன்பட்டிருக்கிறதே தவிர, அவன் யாருக்கும் பாபி அல்ல.

மனுதர்மம் என்ன சொல்லுகிறது? பிறவிக் குருடனுக்கும் செவிடனுக்கும் ஊமைக்கும் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் போட்டால் போதும் என்கிறது. இந்தத் தடையை நீக்க 1928-ல் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. அதிலும் பிறவியிலேயே புத்தி குறைந்தவர்களை விலக்கியே வைத்தார்கள். 1956-ம் வருஷத்து வாரிசுச் சட்டத்தில்தான் அந்த விலக்கும் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தாலும், "சோறு போட்டால் போதும்" என்கிற புத்தி இன்னும் ஒழியவில்லை. பெயரை "மாற்றுத்திறனாளி" என்று மாற்றினோம், சந்தோஷம். ஆனால் பெயரை வைத்து அரிசி வாங்க முடியாது.

இனி, "நிரந்தரமாய்" என்பது ஏன்? குணமாகாத ஊனத்துக்கு நிரந்தரச் சான்று கொடுக்க வேண்டும் என்று 2016-ம் வருஷத்து உரிமைச் சட்டத்தின் விதிகளே சொல்லுகின்றன. டாக்டர் "இது மாறாது" என்று எழுதிக் கொடுத்த பிறகு, "இன்னும் குருடனாய்த்தான் இருக்கிறாயா?" என்று ஆபீசில் கேட்பது என்ன புத்திசாலித்தனம்? இங்கிலாந்திலும் ஆயுளுக்கென்று கொடுத்த உதவியை 2013 முதல் மறுபரிசோதனைக்குக் கொண்டுவந்து ஜனங்களைக் கலங்க வைத்தார்கள். ஆந்திராவில் 2024-ல் தொகையை 6,000 ஆக உயர்த்தினார்கள், பாராட்ட வேண்டியது. 2025-ல் மறுபரிசோதனை செய்து அநேகருக்கு நோட்டீசு அனுப்பவே பெரிய கிளர்ச்சியாயிற்று. பொய்ச் சான்று உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குச் சான்று விற்றவனைப் பிடிக்க வேண்டும். நடக்க முடியாதவனை நடக்க வைக்கக் கூடாது. மாறக்கூடிய ஊனமானால் மறுபடி பார்ப்பது நியாயந்தான். மாறாததற்கு ஒரு தடவை போதும்.

"பணம் கொடுத்தால் சோம்பேறியாவான்" என்பார்கள். பூந்தமல்லியிலே கண்பார்வையற்ற பிள்ளைகளுக்கு சர்க்கார் பள்ளிக்கூடம் இருக்கிறது. விரல் நுனியால் படித்துத் தேறுகிற அப்பிள்ளைகளா சோம்பேறிகள்? சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு 4 இடம் சட்டத்தில் இருக்கிறது; தனியார் கம்பெனி வாசலில் அது செல்லாது. வேலை கிடைத்தாலும், பஸ் ஏற முடியாதவனுக்கு ஆட்டோச் செலவு, துணைக்கு வருகிறவருக்குச் செலவு என்று மற்றவர்களுக்கில்லாத செலவு உண்டு. ஆகையால் சம்பளம் வந்தவுடன் உதவியைப் பறிப்பது, வேலைக்குப் போனதற்கு அபராதம் போடுவதாகும்.

"சர்க்காரில் பணம் எங்கே?" என்பது கடைசி ஆட்சேபணை. ஆவடியிலே டாங்கி செய்யப் பணம் இருக்கிற தேசத்தில் இதற்கு மாத்திரம் இல்லை என்றால் நம்புவதற்கில்லை. அரசியல் சட்டம் 41-வது விதியில், ஊனமுற்ற காலத்தில் பொது உதவி பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்றே இருக்கிறது.

தாய்மார்களே! புத்தி வளராத பிள்ளையைப் பெற்ற தாயின் கவலை உங்களுக்குத் தெரியும். "நான் செத்த பிறகு இவனுக்கு யார்?" என்பதுதான் அது. கோயிலில் அதற்குப் பதில் கிடைக்காது. தர்மப் பிரபுக்களும் பதில் சொல்லமாட்டார்கள். மாறாத சட்டமும், மாதா மாதம் வருகிற பணமுந்தான் பதில்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது மூன்று. மாறாத ஊனத்துக்கு ஒரே பரிசோதனை, ஆயுள் உதவி. தொகை, அம்பத்தூர்த் தொழிலாளிக்குச் சட்டம் போட்ட கணக்கை நோக்கி உயர வேண்டும். விலைவாசி ஏறும்போது தானாகவே ஏற வேண்டும். வேலை கிடைத்தாலும் ஊனத்துக்கான செலவுத் தொகை நிற்கக் கூடாது. இதைப் பிச்சையாக அல்ல, பாத்தியதையாகக் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள் என்று சொல்லி, என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகிறேன்.