செஞ்சியில் ஒரு பகல்

வேங்கிக்காலிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ளது செஞ்சிக் கோட்டை. குடும்பத்தோடு ஒரே பகலில் கண்டு திரும்பலாம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில் வளைத்து நிற்கிறது. 1677-இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். பின்னர் 1690-இல் முற்றுகையிட்ட மொகலாயப் படைக்கு 1698 வரை இது பணியவில்லை. அவ்வலிமை மதிலில் மட்டுமா இருந்தது? களஞ்சியத்தையும் குளங்களையும் பாருங்கள். காவலரைக் காத்தவை உணவும் நீருமன்றோ!

2025-இல் யுனெஸ்கோ, 12 மராட்டியக் கோட்டைகளுள் ஒன்றாக இதனை உலக மரபுச் சின்னமாக்கியது. நெடிய முற்றுகையைத் தாங்கிய சுவரில் ஆணியால் பெயர் கீறுவது முறையாகுமா? உடன்வரும் தம்பி தங்கையருக்கு நீங்களே எடுத்துரையுங்கள். பெயரைக் குறிப்பேட்டில் எழுதட்டும். கண்டவற்றையும் அதன்கீழ் எழுதட்டும்.