கடைமடையில் நனைந்த போன்



தண்ணீருக்குக் காத்திருந்தே பழகிய ஊர் நம்ம வெள்ளகோவில். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நாம் கடைமடை. வாய்க்காலில் எப்போது விடுவார்கள், எத்தனை நாள் ஓடும் என்ற பேச்சு இல்லாத டீக்கடை இங்கே ஏது? அந்தத் தண்ணீர் ஒருவழியாக வந்து சேர்கிற அன்றைக்குத்தான், மடை திருப்பக் குனிகிறவரின் சட்டைப்பையிலிருந்து போன் நழுவும்.

நாமாவது வாய்க்காலில் இறங்கித் துழாவுவோம். சத்தீஸ்கர் மாநிலம் காங்கேர் மாவட்டத்தில் ஓர் உணவு ஆய்வாளர், 2023 மே மாதம், செல்ஃபி எடுக்கும்போது போனைப் பரல்கோட் நீர்த்தேக்கத்தில் விட்டுவிட்டார். டீசல் மோட்டார் வைத்து நாள்கணக்கில் இறைக்க வைத்தார். கொளுத்துகிற கோடையில் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் போனது. போன் கிடைத்தது, உயிர் மட்டும் வரவில்லை. வேலையிலிருந்து இடைநீக்கம், தண்ணீருக்காக 53,092 ரூபாய் கட்டச் சொல்லி நோட்டீஸ். நம்ம கடைமடை விவசாயிக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும்.

அவ்வளவு நாள் ஊறினால் எந்தப் போனும் தாங்காதுங்க. ஆனால் உடனே எடுத்த போனும் பல நேரம் செத்துப்போகிறது. காரணம் நம்ம அவசரம். எடுத்ததும் “வேலை செய்யுதா?” என்று பொத்தானை அமுக்குவோம், அடுத்து சார்ஜரைச் சொருகுவோம். வெறும் ஈரம் மெதுவாகத்தான் கெடுக்கும். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் சர்க்யூட் போர்டில் ஷார்ட் ஆகும், செம்பும் ஈயப்பற்றும் மளமளவென்று அரித்துப்போகும். அதனால் போன் ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். அணைந்திருந்தால் அப்படியே விடுங்கள். சிம் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி கழற்றக்கூடிய பழைய போன் என்றால் அதையும்.

பிறகு துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். ஃபேன் காற்றில் ஒரு நாளாவது கிடக்கட்டும். வெயிலில் காயும் ஓட்டுமேல் வைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் வேண்டாம்; சூடு பேட்டரிக்கு ஆகாது. தறிக்குடோனில் வைத்தும் காயப்போடாதீங்க. அங்கே பறக்கிற பஞ்சு ஈரத் துளையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சரி, அரிசி? காங்கேயம் வட்டாரம் முழுக்க அரிசி ஆலை. வீட்டில் மூட்டை கிடக்கும்போது கை தானாக அதற்குள் போகத்தான் செய்யும். அரிசிக்கு என்னமோ தீராத தாகம் என்று நினைத்துக்கொள்கிறோம். போனுக்குள்ளே, தகட்டுக்கு அடியில் நிற்கிற தண்ணீரை வெளியே கிடக்கும் அரிசி எப்படி உறிஞ்சும்? தவிடும் குருணையும் துளைக்குள் புகுந்ததுதான் மிச்சம். அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது.

“தண்ணி போகாத போன்னு சொல்லித்தானே வித்தாங்க?” என்று சிலர் கேட்பார்கள். ஐ.பி.68 என்கிற அந்தத் தரம் புதுப் போனுக்கு, நல்ல தண்ணீரில் பார்த்த சோதனை. நாலு தடவை கீழே விழுந்து, ஒரு தடவை திரை மாற்றிய போனில் தண்ணீர் புகாமல் தடுக்கிற பசை பழையபடி இருக்காது.

சர்வீஸ் கடைக்குப் போனால் எந்தத் தண்ணீர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீரா, சோப்புத் தண்ணீரா, சாயப்பட்டறை உப்புத் தண்ணீரா? உப்பு என்றால் காய விடுவதற்குள் அரித்துவிடும். அன்றைக்கே பிரித்துக் கழுவ வேண்டும். “விழவே இல்லீங்க” என்று சாதிப்பதிலும் பயனில்லை. பல போன்களின் உள்ளே ஈரம் பட்டால் சிவக்கிற சிறு ஒட்டு இருக்கிறது. மெக்கானிக் முதலில் பார்ப்பது அதைத்தான்.

போன் சரியாகும்வரை சிம்மைத் துடைத்துப் பழைய பட்டன் போனில் போட்டுக்கொள்ளுங்கள். போன் உயிர்பெற்று வந்ததும், நாலு பேருக்குக் கூப்பிட்டுச் சொல்வதற்கு முன்னால் படங்களையும் எண்களையும் வேறொன்றில் ஏற்றிவிடுங்கள். மறுபடி வேலை செய்த போன் சில வாரம் கழித்துத் திடீரென்று படுப்பதும் உண்டுங்க.