பிள்ளைகளுக்கான முதுகெலும்பு: தென்னாப்பிரிக்க ஃகாம் மக்களின் நிலாக்கதை

இன்றைய சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய ஒரு கதை. நிலா ஓர் ஆண்மகன். முழுவட்டமாகத் திரண்டு நிற்கும் வேளையில் அவன் சூரியனின் கோபத்துக்கு ஆளாகிறான். சூரியன் தன் கத்தியால் அவனைக் குத்துகிறான். நாளுக்கு நாள் அரிந்துகொண்டே வருகிறான். கடைசியில் ஒரு கீற்றுதான் மிச்சம். அப்போது நிலா கெஞ்சுகிறான்: இந்த முதுகெலும்பையாவது என் பிள்ளைகளுக்காக விட்டுவிடு என்கிறான். சூரியன் விட்டுவிடுகிறான். நிலா வலியோடு வீடு திரும்புகிறான். மிஞ்சிய எலும்பில் மறுபடி சதை பிடிக்கிறது, வயிறு வைக்கிறது, முழு நிலாவாகிறான். கத்தி மறுபடி வருகிறது. இதைச் சொன்னவர்கள் தென்னாப்பிரிக்காவின் மேல் கரூ வறள்வெளியில் வாழ்ந்த ஃகாம் மக்கள். சான் எனப்படும் வேட்டைக்குடிகளில் ஒரு பிரிவினர். அவர்கள் பெயரின் தொடக்கத்தில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஓர் ஒலி உண்டு. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை.

இத்தகைய கதைகளைக் காரணம் சொல்லும் கதைகள் என்று வகைப்படுத்தி ஓரமாக வைத்துவிடுவது நாட்டார் வழக்காற்றுப் படிப்பில் நெடுநாள் பழக்கம். முயலின் உதடு ஏன் பிளந்தது, காகம் ஏன் கறுத்தது, நிலா ஏன் தேய்கிறது என்ற வரிசையில் இதுவும் ஒன்றாகிவிடும். அந்த வகைப்பாட்டுக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: உண்மைக் காரணம் தெரியாதவர்கள், தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பினார்கள் என்பது அது. இந்தக் கதையைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு என்று நான் சொல்ல வருகிறேன். ஃகாம் கதையில் கற்பனை உண்டு. அந்தக் கற்பனையைத் தாங்கி நிற்பது பல விடியல்களிலும் அந்திகளிலும் கண் விழித்துப் பார்த்த பார்வை. அதற்குச் சான்று கதைக்குள்ளேயே இருக்கிறது. கதையின் குறை என்று எளிதில் தோன்றக்கூடிய ஓர் இடத்தில்தான் அது இருக்கிறது. தேய்வதற்கு ஒரு கொலைகாரனைக் காட்டும் கதை, வளர்வதற்கு யாரையும் காட்டுவதில்லை. கத்தியால் வெட்டினான் என்று ஒரு பாதியை விளக்கிவிட்டு, மறுபாதியில் தானாக வளர்ந்தான் என்று விட்டுவிடுகிறது. விளக்கம் பாதியில் நின்றுவிட்டதா?

வானத்தைப் பார்ப்போம். முழுநிலவு நாளில் சூரியன் மேற்கே இறங்கும்போது நிலா கிழக்கே எழுகிறது. விடியலில் சூரியன் கிழக்கே எழும்போது நிலா மேற்கே அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மலையோ மரக்கூட்டமோ மறைக்காத கரூ வெளியில் இரண்டும் நேருக்கு நேர் நிற்பது தெளிவாகத் தெரியும். அடுத்த நாள் நிலா ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. ஆகவே மறுநாள் விடியலில் அது இன்னும் மறையாமல் மேற்கு வானத்தில் சற்று உயரத்தில் நிற்கிறது, சூரியன் எழுந்துவிட்டது. அதற்கடுத்த விடியலில் இன்னும் உயரத்தில். ஒவ்வொரு நாளும் இரண்டுக்கும் இடையிலான தொலைவு சுமார் 12 பாகை சுருங்குகிறது. தொலைவு சுருங்கச் சுருங்க நிலாவும் சுருங்குகிறது. ஒரு வாரம் கழிந்தால் விடியும்போது நிலா வானத்தின் நடுப்பகுதியில், பாதியாக. பிறகு கிழக்குப் பக்கமே வந்துவிடுகிறது, கீற்றாக. இந்த நாட்கள் முழுவதும், இரண்டும் மேற்கு நோக்கி நகரும்போது நிலா முன்னே போகிறது, சூரியன் பின்னே வருகிறது. முன்னே போகிறவன் வெளிறிக்கொண்டே போகிறான். பின்னே வருகிறவன் ஒளி ஏறிக்கொண்டே வருகிறான். துரத்தல் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பெயர் வைப்பது?

பிறகு நிலா இரண்டு மூன்று நாட்கள் கண்ணில் படுவதில்லை. மறுபடி தென்படும்போது இடம் மாறிவிட்டது: மேற்கு வானம், அந்தி நேரம். இப்போது சூரியன் முன்னே போகிறது, நிலா பின்னே. சூரியன் முதலில் இறங்கிவிடுகிறது; நிலா தனியாக நிற்கிறது. அந்தி தோறும் தொலைவு கூடுகிறது, நிலாவும் பெருக்கிறது. வளர்பிறை முழுவதிலும் சூரியன் நிலாவைத் துரத்துவது போன்ற காட்சி ஒரு நாள்கூட இல்லை. ஆகவே கதை பாதியில் நின்றுவிடவில்லை. துரத்துகிறவன் பின்னே இருக்கும் நாட்களில் காயம். அவன் முன்னே போய்விட்ட நாட்களில் ஆறுதல். முழுநிலவில் வெட்டு மறுபடி தொடங்குகிறது என்று கதை சொல்வதும் சரியான நாளில்தான், ஏனென்றால் அன்றோடு வரிசை மாறுகிறது. நம்மில் பலர் மூன்றாம் பிறையை அறிவோம். அது அந்தியில் வந்து நம் கண்முன் நிற்கிறது. தேய்பிறையின் கடைசிக் கீற்றைப் பார்த்தவர்கள் குறைவு. அதற்கு விடியலுக்கு முன் எழுந்து கிழக்கே பார்க்க வேண்டும். கதையைக் கட்டியவர்கள் இரண்டையும் பார்த்தவர்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். இன்றைய வானியலைக் கையில் வைத்துக்கொண்டு பழங்கதைக்குள் தேடினால் எதையும் கண்டுபிடிக்கலாம், இதுவும் அப்படித்தானே என்பது அந்த மறுப்பு. நான் கதையில் காண்பது நிலாவுக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு, நிலாவின் அளவு, யார் முன்னே யார் பின்னே என்ற வரிசை ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவு மட்டும். வெறுங்கண்ணால் பார்க்கக்கூடியவை அவை. நிலா ஓர் உருண்டை, அதன் ஒளி சூரியனிடமிருந்து வருகிறது என்பது கதையில் இல்லை; இருப்பதாக நான் சொல்லவும் மாட்டேன். கதையோடு பொருந்தாதது போலத் தோன்றும் ஒன்றும் உண்டு. சூரியன் வெட்டினால் சூரியனை நோக்கிய பக்கம்தான் முதலில் போக வேண்டும். வானத்திலோ சூரியனை நோக்கிய பக்கம்தான் கடைசிவரை மிஞ்சுகிறது. அப்பால் இருக்கும் பக்கம்தான் மறைகிறது. கத்தியைக் கத்தியாகவே எடுத்துக்கொண்டால் இது பொருந்தாது. ஆனால் கதை மிஞ்சுவதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்று கவனியுங்கள்: முதுகெலும்பு. திரும்ப வருவது வயிறு. துரத்தப்பட்டு ஓடுகிறவன் துரத்துகிறவனுக்குக் காட்டுவது முதுகைத்தான். தேய்பிறைக் கீற்றின் வளைந்த வெளிப்பக்கம், குனிந்து ஓடுகிறவனின் முதுகுபோல, பின்னே வரும் சூரியனை நோக்கித்தான் இருக்கிறது. ஒட்டிப்போன வயிறு மறுபக்கம். கதைசொல்லிகள் இதை இப்படி விளக்கிச் சொன்னதாக நான் கூறவில்லை. இது என் வாசிப்பு. ஆனால் கீற்றுக்கு முதுகெலும்பு என்ற பெயர் தற்செயலாக வந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதே வேலையை வேறொரு மக்கள் வேறொரு விதமாகச் செய்திருப்பதை ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் காணலாம். ஆர்ன்ஹம் நிலத்தின் யோல்ங்கு மக்களுக்கு நிலா ஙாலிந்தி என்பவன், கொழுத்த சோம்பேறி. அவனுடைய மனைவியர் அவனைக் கோடரியால் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். அவன் இறந்து, மூன்று நாள் கழித்து மறுபடி எழுகிறான். வெட்டு இங்கும் உண்டு. வெட்டுகிறவர் சூரியன் இல்லை. ஆனால் ஃகாம் கதையில் இல்லாத ஒன்று யோல்ங்கு வழக்கில் இருக்கிறது: கடல். ஓதம் ஏறும்போது நிலாவில் நீர் நிறைகிறது, நீர் வடியும்போது ஓதமும் இறங்கி நிலா வெறுமையாகிறது என்பது அவர்கள் சொல்வது. மானிடவியலாளர் லாயிட் வார்னர் 1937இல் வெளியிட்ட நூலில் இது பதிவாகியிருக்கிறது. ஓதத்துக்கும் நிலாவுக்கும் தொடர்பில்லை என்று கலிலியோ 1632இல் தம் உரையாடல் நூலில் வாதிட்டார், தொடர்பு உண்டென்ற கெப்ளரைக் குறையும் கூறினார் என்பதை நினைத்தால், கரையில் வாழ்ந்தவர்களின் பார்வைக்கு உள்ள எடை புரியும். கடலுக்கு வெகு தொலைவில், மழை பொய்க்கும் புல்வெளியில் இருந்தவர்களுக்கு ஓதம் இல்லை. இருந்தது அடிவானமும் வேட்டைக்குக் கிளம்பும் விடியலும்தான். கதை எந்த உறவைப் பிடித்துக்கொள்கிறது என்பதை அந்தந்த நிலம் முடிவு செய்திருக்கிறது. வெறும் கற்பனையாக இருந்தால் இந்த வேறுபாடு இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: இந்தக் கதை நமக்கு எப்படி வந்தது என்பது பற்றியது. வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் கேப்டவுனில் சர் ஜார்ஜ் கிரே நூலகத்தைக் கவனித்துவந்தார். 1870இல் அந்நகரத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சிறையில் ஃகாம் கைதிகள் இருப்பதை அறிந்து, சிலரைத் தம் மோப்ரே வீட்டில் தங்கவைக்க அரசின் அனுமதி பெற்றார். அவர்களில் பலர் ஆடுமாடு திருடியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய நீர்நிலைகளையும் மான் மேய்ந்த வெளிகளையும் குடியேறிய பண்ணைக்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு நிகழ்ந்த திருட்டுகள் அவை. இதைச் சொல்லாமல் இந்த ஆவணத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. பிளீக்கும் அவருடைய மைத்துனி லூசி லாய்டும் மொழியைக் கற்று, ஒரு பத்தியில் ஃகாம் மொழியும் பக்கத்துப் பத்தியில் ஆங்கிலமுமாகக் குறிப்பேடுகளை நிரப்பினார்கள். 12,000 பக்கங்களுக்கு மேல் சேர்ந்த அந்தத் தொகுப்பை 1997இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மறுப்பு இதுதான்: சொன்னவர்கள் கைதிகள், கேட்டவர் ஒரு கோட்பாட்டுக்காரர். சொற்களுக்கு ஆண்பால் பெண்பால் பகுக்கும் மொழிகளைப் பேசுவோரிடமே வான்பொருள்களை ஆட்களாக்கும் கதைகள் தோன்றும் என்று பிளீக் கருதினார். அப்படிப்பட்டவர் வானக்கதைகளை விரும்பித் தேடியிருப்பார், கிடைத்ததைத் தம் அச்சில் வார்த்திருப்பார் என்று ஐயுறுவதில் நியாயம் உண்டு.

பிளீக்கின் விருப்பம் எதைக் கேட்பது என்பதைத் தீர்மானித்திருக்கலாம். விடைக்குள் வந்த நுணுக்கங்களை அது படைத்திருக்க முடியாது. காகென் என்னும் கும்பிடுபூச்சித் தலைவன், பித்தப்பையை உடைத்ததால் சூழ்ந்த இருளில் வழி தெரியாமல் தன் செருப்பை வானத்தில் எறிந்தான், அதுவே நிலா என்பதும் அவர்கள் சொன்னதுதான். நிலா சிவந்து தெரிவது புஷ்மன் நாடு எனப்பட்ட அவர்கள் நிலத்தின் புழுதி ஒட்டியிருப்பதால். குளிர்ந்திருப்பது அது தோல் என்பதால். இந்தக் குளிர்ந்த தோலை எந்த ஐரோப்பியக் கோட்பாடும் கேட்கவில்லை. சூரியனும் முன்பு தரையில் படுத்திருந்த ஒரு மனிதனே. அவன் அக்குளிலிருந்து ஒளி வந்தது, பிள்ளைகள் அவனைத் தூக்கி வானில் எறிந்தார்கள். ஆகவே அவன் கையில் கத்தி இருப்பதில் வியப்பில்லை. அந்தக் கத்தி சூரியக் கதிர்களே என்று பிளீக் 1875இல் வெளியிட்ட அறிக்கையில் அடைப்புக்குறிக்குள் குறிக்கிறார். அந்த ஆண்டே அவர் இறந்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் லாய்டு கேட்டு எழுதினார்; 1911இல் தொகுப்பை அச்சில் கொண்டுவந்தார். கோட்பாடு பிளீக்கோடு போயிற்று, கதைகள் நின்றன.

மூன்றாவது மறுப்பு மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியின் கருத்து. தொன்மம் எதையும் விளக்குவதற்காகச் சொல்லப்படுவதில்லை, வாழ்க்கை முறைக்கு ஆதாரமாகவே சொல்லப்படுகிறது என்று அவர் 1926இல் எழுதினார். பழங்குடிகளை எந்நேரமும் வானத்தைப் பார்த்து வியக்கும் அரைகுறை வானியலாளர்களாகச் சித்திரித்தவர்களுக்கு எதிராக அது தேவையான வாதம். ஆனால் விளக்கமா வாழ்க்கையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. ஃகாம் வழக்கில் இதோடு சேர்ந்து வருவது முயலின் கதை. முயல் அப்போது மனிதப் பிள்ளை. தாய் இறந்ததற்காக அழுகிறது. நான் இறந்து திரும்புவதுபோல உன் தாயும் திரும்புவாள் என்கிறான் நிலா. முயல் நம்ப மறுக்கிறது, தாய் இறந்தே போனாள் என்று சாதிக்கிறது. நிலா சினந்து அதன் வாயில் அடிக்க, உதடு பிளக்கிறது. இனி நீ விலங்காகி நாய்களால் துரத்தப்படு, மனிதர்களும் இறந்தால் திரும்ப வேண்டாம் என்று சபிக்கிறான். முயலின் உடலில் இன்னும் மனிதச் சதை ஒரு துண்டு இருக்கிறது என்று நம்பி, அதை நீக்கிவிட்டே ஃகாம் மக்கள் முயலை உண்டார்கள். இந்தக் கதைக்கு வலு எங்கிருந்து வருகிறது? நிலா திரும்புவது உறுதி என்பதிலிருந்து. தவறாமல், அதே இடத்தில், அதே மெலிவோடு அது திரும்புவதைப் பார்த்தவர்களுக்குத்தான் முயலின் மறுப்பு இழப்பாகப் படும். பார்வை பிசகியிருந்தால் துயரம் நிற்க இடமில்லை. பிள்ளைகளுக்காக என்று நிலா கெஞ்சும் சொல்லும் அப்படித்தான்: வானத்தில் மிஞ்சுவது எலும்பளவே என்று கண்டவர்கள், அந்த எலும்பு யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃகாம் மொழி ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கா தன் புதிய அரசுச் சின்னத்தில் பொறித்த வாசகம் அந்த மொழியில்தான் இருக்கிறது. அதைத் தாய்மொழியாகப் பேச ஆளில்லை. குறிப்பேடுகளில் நிலாவோடு தொடர்புடைய ஒரு வேண்டுதலும் எஞ்சியிருக்கிறது. புதிய பிறையைக் கண்டதும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, என் முகத்தை நீ எடுத்துக்கொள், இறந்து உயிரோடு திரும்பும் உன் முகத்தை எனக்குத் தா என்ற பொருளில் கேட்பது. அதைக் கேட்கும் நேரமும் திசையும் முன்பு சொன்ன வானத்தோடு பொருந்துகின்றன. அந்தி, மேற்கு, சூரியன் இறங்கிப் போயாயிற்று. அவன் போன பக்கமாக முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் வயிறு வைக்காத நிலா நிற்கிறான். அவனிடம்தான் கேட்கிறார்கள்.